நடவாத சண்டைகளின் நடுவர்

நடந்து முடிந்த யுத்தங்களைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நடக்கப்போகிற யுத்தங்களைப் பற்றி ஜோசியர்களும் பத்திரிகைக்காரர்களும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் எக்காலத்திலும் நடக்கவே முடியாத யுத்தங்களை, இன்ன சுற்றில் இன்ன கையால் இன்னார் விழுந்திருப்பார் என்று, ஏதோ முந்தின நாள் பக்கத்தில் நின்று பார்த்தவர்களைப்போல வர்ணிக்கும் வித்தையில் கைதேர்ந்தவர்களைத் தரிசிக்க வேண்டுமானால், கிருஷ்ணகிரியிலிருந்து ஒசூர் போகும் நெடுஞ்சாலையில், சூளகிரிக்கு முன்பாகவே குருபரப்பள்ளியில் இறங்கிவிட வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து ஆட்கள் திரும்புகிற வேளையில் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தால் போதும். மற்றவை தாமாக நடக்கும்.

விவகாரம் பெரும்பாலும் ஒன்றேதான். முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் விழுவார்? இது தீர்ந்தபாடில்லை என்றானபின் ஜோ லூயி, ராக்கி மார்சியானோ, ஜார்ஜ் ஃபோர்மேன், லாரி ஹோம்ஸ், டைசன் ஃப்யூரி என்று சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றப்படுவார்கள். முஷ்டியுத்தத்துக்கும் எங்கள் ஊருக்கும் பூர்வீக சம்பந்தம் எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்து வீரம் எருது விடும் விழாவோடு சரி. அதிலும் மனிதன் குத்துவதில்லை, குத்து வாங்குகிறான். ஆனால் சிப்காட் வந்தது. அதன் பின்னால் தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வாலிபர்கள் வந்தார்கள். அவர்களோடு கைப்பேசியும் வந்தது. கம்பெனி பஸ்ஸில் போகவும் வரவும் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்கு, 1974-இல் கின்ஷாசாவில் அலி ஃபோர்மேனைச் சாய்த்த சண்டையை எட்டுச் சுற்றும் பார்த்து முடித்து, முக்கியமான அடியை மட்டும் மறுபடி ஓடவிட்டுப் பார்க்கவும் தாராளமான அவகாசம் இருக்கிறது.

இந்தச் சபைக்கு நடுவனாக என்னை நியமித்தவர்கள் யார் என்பது எனக்கே தெளிவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் வாழ்நாளில் நான் ஓங்கிய முஷ்டி மேசையின்மேல் அன்றி வேறெதன்மேலும் இறங்கியதில்லை. இருந்தாலும், ‘சார் பட்டிமன்றம் எல்லாம் நடத்துனவரு’ என்று யாரோ ஒருவர் சிபாரிசு செய்ய, அது ஏகமனதாக ஏற்கப்பட்டுவிட்டது. யோசித்துப் பார்த்தால் அந்தச் சிபாரிசு அர்த்தமற்றதன்று. கற்பில் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா என்று கேட்டு, அவ்விருவருடைய சம்மதமின்றியே அவர்களை மேடையேற்றி மோதவிட்டு, சோடா குடித்துக்கொண்டே தீர்ப்பும் சொல்லிவந்த ஜாதி நாம். காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கியதற்குப் பின்பு, இராமன் மறைந்து நில்லாமல் நேருக்கு நேராக நின்றிருந்தால் வாலி என்ன செய்திருப்பான் என்ற கேள்வியை விசாரியாத தமிழ்ப் புலவர் அநேகமாக இல்லை. வாலி சாட்சாத் ஹெவிவெயிட். எதிரே நிற்பவனுடைய பலத்தில் பாதி தன்னிடம் வந்து சேரும்படி வரம் வாங்கி வைத்திருந்தவன். அலியோடு வாலியை மோதவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நாள் காலை, தூக்கக் கலக்கத்தில் இருந்த ஒரு வெல்டர் என்னிடம் கேட்டார். எந்த நாட்டுக் குத்துச்சண்டைச் சங்கமும் அப்படிப்பட்ட வரத்தோடு ஒருவனை மேடையேற அனுமதிக்காது என்று சொல்லி அந்த மனுவைத் தள்ளுபடி செய்தேன்.

எங்கள் ஊரில் இந்தக் கலை அமெரிக்கர்களைக் கொண்டு ஆரம்பமாகவில்லை. ஒரு தெருவில் தமிழும் அடுத்த தெருவில் தெலுங்கும் சந்தைக்கு வருகிறவர்களிடம் கன்னடமும் புழங்குகிற இந்த எல்லைப் பிரதேசத்தில், என் வாலிபத்தில் நடந்த மகாயுத்தம் எம்.ஜி.ஆர்., ராஜ்குமார், என்.டி. ராமராவ் ஆகிய மூவருக்கும் இடையே நடந்தது. ‘ரிக்‌ஷாக்காரன்’ பார்த்துவிட்டு வந்தவன், ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே சிலம்பம் சுற்றுகிற மனிதருக்கு முன்னால் எவன் நிற்பான் என்பான். எல்லை தாண்டிப் போய் ‘மயூரா’ பார்த்துவிட்டு வந்தவன், கதம்ப ராஜகுமாரனுடைய வாளுக்கு முன்னால் சிலம்பமாவது கிலம்பமாவது என்பான். தெலுங்குக்காரர்கள், எங்களுடையவர் கிருஷ்ண பரமாத்மாவாகவே வருகிறவர், அவர் சக்கரத்தை எடுத்தால் உங்கள் இருவர் கதையும் முடிந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சர்ச்சை கைகலப்பில் முடியும் தறுவாயில், அந்தக் காலத்து டீக்கடைக்காரர், டபராவைக் கழுவிக்கொண்டே, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும்பா. சண்டை யாரு படத்துல?”

அவ்வளவுதான், சபை நிசப்தமாயிற்று. எம்.ஜி.ஆர். படமாயின் ராஜ்குமாருக்கு ஜயம் இல்லை. ராஜ்குமார் படமாயின் எம்.ஜி.ஆருக்கு ஜயம் இல்லை. இருவரும் சமமாக நடிக்கிற படமாயின் அவர்கள் சிறு வயதில் திருவிழாக் கூட்டத்தில் பிரிந்துபோன சகோதரர்களாகத்தான் இருப்பார்கள், ஆகையால் மூன்றாவது குத்துக்கு முன்பே மச்சம் தெரிந்து கட்டிக்கொண்டு அழுதுவிடுவார்கள். இந்தக் கேள்விக்கு நிகரான ஆராய்ச்சியை, ஹெவிவெயிட் முஷ்டியுத்தம் பற்றி நான் படித்த எதிலும் இதுவரை காணவில்லை.

இப்போதைய சபைக்கு வருகிறேன். டைசன் கட்சியும் அலி கட்சியும் ஒன்றையொன்று வீழ்த்துகிற உபாயம் மிகவும் எளிது. ஆளை மட்டும் சொல்லி நிறுத்தாமல், தேதியையும் தாங்களே குறித்துவிடுகிறார்கள். டைசன் கட்சிக்காரன் அனுப்பி வைக்கிற டைசன், 1988-ஆம் வருஷம் ஜூன் 27-ஆம் தேதி அட்லாண்டிக் சிட்டியில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் தரையில் கிடத்திய டைசன். அவனுக்கு எதிரே அவன் அழைத்து வருகிற அலியோ, கால் தளர்ந்து, பேச்சுக் குழறத் தொடங்கிய 1980-ஆம் வருஷத்து அலி. அலி கட்சிக்காரன் அதற்கு இளைத்தவன் அல்லன். 1966 நவம்பர் 14-இல் ஹூஸ்டனில் கிளீவ்லண்டு வில்லியம்ஸ் என்ற மகா பலசாலியை மூன்றே சுற்றில், ஏறக்குறைய ஓர் அடியும் வாங்காமல், பம்பரமாய்ச் சுழன்று சாய்த்த அலியை அவன் கொண்டுவந்து நிறுத்தி, எதிரே, 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் பத்தாவது சுற்றில் விழுந்து, பல்காப்பைத் தரையில் துழாவித் தேடிக்கொண்டிருந்த டைசனைக் கூப்பிடுகிறான். இரு கட்சியும் தத்தம் சண்டையில் அமோகமாக ஜயித்துவிட்டு, எதிர்க்கட்சி ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்று அதிசயப்படுகின்றன.

டூல் ரூமில் வேலை செய்கிற ஒரு தம்பி இருக்கிறார். எந்த விவகாரத்தையும் அளவெடுத்துப் பார்க்காமல் பேசக் கூடாது என்பது அவருடைய சித்தாந்தம். ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் டேப்பை உருவி, கடைச் சுவரில் விலைப்பட்டியலுக்குக் கீழே, சாக்குக்கட்டியால் அவர் கோடு போட ஆரம்பித்தார். ஒரே புள்ளியிலிருந்து நான்கு கோடுகள். மார்சியானோவுக்கு 68 அங்குலம், டைசனுக்கு 71, அலிக்கு 78, டைசன் ஃப்யூரிக்கு 85. கடைசிக் கோடு விலைப்பட்டியலைத் தாண்டி, மூலையில் மாட்டியிருந்த முருகன் காலண்டருக்கு அடியில் நுழைந்து, ஜன்னல் கட்டையில் முட்டி நின்றது. அலிக்கும் டைசனுக்கும் இடையே உள்ள ஏழு அங்குலத்தை அவர் கைச்சாணால் மூடிக் காட்டி, “இவ்வளவு தூரம் டைசன் சும்மா நடந்து வரணும் சார். வர்ற வழியெல்லாம் அடி” என்றார். டைசன் கட்சியில் இருந்த ஒரு லைன் இன்சார்ஜ் விடவில்லை. கைநீளம் என்று அவர்கள் குறிப்பது, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரைக்குமான அளவு. நெஞ்சின் அகலமும் அதில் சேர்த்தி. ஆகையால் ஒரு கைக்கு வித்தியாசம் மூன்றரை அங்குலம்தான். அதையும் டைசன் குனிந்து உள்ளே புகுந்து தின்றுவிடுவான் என்றார். வாஸ்தவம்தான். மார்சியானோவும் அந்த வித்தையால்தான், 68 அங்குலக் கைகளை வைத்துக்கொண்டு, 49 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல், அவற்றில் 43-ஐ நாக்-அவுட்டில் முடித்து, வீட்டுக்குப் போனார். அளவுகாரத் தம்பி கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப ட்ராயிங்கே தப்பு. எந்த ரிவிஷன்னு சொல்லாம அளவு எடுத்துட்டேன்” என்றார். கோடுகள் இன்னும் இருக்கின்றன. விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்கள், அது என்ன, கரண்ட் லைன் உள்ளே போகிற அடையாளமா என்று கேட்டுவிட்டு, ஜாக்கிரதையாகத் தள்ளி உட்காருகிறார்கள்.

நீளத்தை விட்டு எடைக்கு வந்தால் நிலைமை இன்னும் பரிதாபம். மார்சியானோ கடைசியாக மேடையேறிய 1955-இல் அவருடைய எடை சுமார் 85 கிலோ. 2020-இல் டியான்டே வைல்டரை அடித்து வீழ்த்திய அன்று ஃப்யூரியின் எடை சுமார் 124 கிலோ. குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் நல்லதாக இரண்டு கிடா பிடித்து மார்சியானோவின் தோளுக்கு ஒன்றாகப் போட்டால்தான் தராசு சமப்படும். இன்றைய விதிகளின்படி 200 பவுண்டுக்கு, அதாவது 91 கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை வரை க்ரூஸர்வெயிட் என்று தனியொரு வகுப்பு இருக்கிறது. மார்சியானோ, ஜாக் டெம்ப்ஸி, 1938-இல் மாக்ஸ் ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே முடித்த ஜோ லூயி ஆகிய மூவரும் அந்த வகுப்பில்தான் உட்கார வேண்டும். ஹெவிவெயிட்டின் மகாபுருஷர்களில் பாதிப் பேர் ஹெவிவெயிட்டே அல்லர் என்று இதிலிருந்து ஏற்படுகிறது. இதைக் கேட்டுவிட்டு ஒரு பையன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. டெம்ப்ஸி 1919 ஜூலையில் டொலிடோவில், தன்னைவிட ஏறக்குறைய 25 கிலோ அதிக எடையுள்ள ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு தடவை தரையில் போட்டவர்.

ஆனால் அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. விழுந்தவன் எழுந்திருக்கும்வரை அடித்தவன் தூரத்து மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்ற சட்டம் அன்றைக்கு அமலில் இல்லை. வில்லார்டு முழங்காலைத் தரையிலிருந்து எடுப்பதற்குள், பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த டெம்ப்ஸி மறுபடியும் அடித்தார். எட்டு வருஷம் கழித்து, 1927-இல் சிகாகோவில், ஜீன் டன்னியை வீழ்த்திய டெம்ப்ஸி பழைய வழக்கத்தின்படி அங்கேயே நிற்க, நடுவர் அவரை மூலைக்கு விரட்டிய பிறகே எண்ணத் தொடங்க, அந்தச் சில விநாடிகளில் டன்னி தெளிந்து எழுந்து, கடைசியில் சண்டையையும் ஜயித்துவிட்டார். அதற்கும் முந்திய காலத்தில் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரேனும் 1889-இல் வெறுங்கையோடு 75 சுற்று போட்டார்கள். ஒருவன் விழுந்தால் ஒரு சுற்று முடிந்தது என்பது அன்றைய கணக்கு. அந்தக் கணக்குப்படி வில்லார்டு டொலிடோவில் முதல் மூன்று நிமிஷங்களிலேயே ஏழு சுற்று ஆடியவர் ஆகிறார். பின்னர் சுற்று மூன்று நிமிஷமாயிற்று. சாம்பியன் சண்டை 15 சுற்றாயிற்று. 1982-இல் கொரியாவைச் சேர்ந்த கிம் டுக்-கூ மேடையில் அடிபட்டு இறந்த பிறகு 12 ஆகக் குறைந்தது. அலி கடைசி மூன்று சுற்றில் ஜயிக்கிறவர் என்றால் 12-இல் நிறுத்துவது அநியாயம்; டைசன் முதல் மூன்று சுற்றில் முடிக்கிறவர் என்றால் 15 என்று எழுதுவதே வீண் காகிதச் செலவு. ஆக, ஒப்பந்தப் பத்திரம் எழுதுகிறவன் யாரோ அவனே சண்டையையும் ஜயித்துவிடுகிறான்; மேடையில் ஏறுகிற இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறவர்கள்.

இந்தத் தொல்லையெல்லாம் மனிதர்களுடைய பட்சபாதத்தால் வருவது, யந்திரத்திடம் ஒப்படைத்தால் நியாயம் கிடைக்கும் என்று நம்பிய ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். மயாமியைச் சேர்ந்த மர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர். 1967-ஆம் வருஷம் அவர் பல காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்கள் 16 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருடைய வேகம், பலம், தாங்கும் சக்தி முதலியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டருக்குள் அதைச் செலுத்தி, அது கக்கிய முடிவை நேரடி வர்ணனையைப்போல வானொலியில் ஒலிபரப்பினார். செத்தவர்களும் இருப்பவர்களும் வாரந்தோறும் மோதிக்கொண்டார்கள். ஜனங்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியில் மார்சியானோ டெம்ப்ஸியை வீழ்த்தி, சர்வகால சாம்பியன் ஆனார். நடுவில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. ஜிம் ஜெஃப்ரீஸ் என்பவரிடம் முகமது அலி தோற்றுவிட்டதாக அந்த யந்திரம் சொல்லிவிட்டது.

அலி அப்போது பட்டாளத்தில் சேர மறுத்ததால் பட்டமும் பிழைப்பும் பறிபோய் வீட்டில் இருந்தவர். ஜெஃப்ரீஸோ 1953-இலேயே காலமானவர். காலமானவரிடம், நடக்காத சண்டையில் தோற்றதாகச் சொல்லித் தம் கீர்த்திக்குப் பங்கம் விளைவித்தார்கள் என்று, பத்து லட்சம் டாலர் கேட்டு அலி வழக்குப் போட்டார். வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் தலைமுறை தலைமுறையாய் நடக்கிற எங்கள் ஜில்லாவில்கூட இப்படியொரு வியாஜ்யம் தாக்கலாகியிருக்க முடியாது. வொரோனர் புத்திசாலி. வழக்கைச் சமாதானம் செய்யும் வகையில், பத்தாயிரம் டாலரும் லாபத்தில் ஒரு பங்கும் தருகிறேன், மார்சியானோவோடு ஒரு சினிமாச் சண்டை போடுங்கள் என்றார், அலியும் சம்மதித்தார்.

1969-இல் மயாமியில், வெளியார் எவரும் நுழையாதபடி அடைத்த ஒரு ஸ்டூடியோவில் அது படமாயிற்று. அலிக்கு வயது 27. மார்சியானோவுக்கு 45, மேடையை விட்டு விலகிப் பதின்மூன்று வருஷங்கள் கடந்திருந்தன. இந்தச் சண்டைக்காக அவர் ஐம்பது பவுண்டு எடையைக் குறைத்தார். பழைய மார்சியானோவாகத் தோன்றுவதற்குத் தலையில் விக் வைத்துக்கொண்டார். ஜோ லூயியைச் சாய்த்த முஷ்டியும் அந்த விக்கும் ஒரே ஆசாமியிடத்தில் சேர்ந்து இருந்ததை மனக்கண்ணில் பார்க்கும்போதெல்லாம், நம் பக்கத்து நாடக ராஜாக்களின்மேல் எனக்கிருந்த சிறிதளவு இளக்காரமும் அகன்றுவிடுகிறது. ஒரு நிமிஷச் சுற்றுகளாக எழுபதுக்கும் மேல் எடுத்தார்கள். மார்சியானோ ஜயிப்பதாக ஒன்று, அலி ஜயிப்பதாக ஒன்று என்று பல முடிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எது உண்மையான முடிவு என்று நடித்த இருவருக்கும் சொல்லவில்லை. மார்சியானோவுக்கு அது தெரியாமலே போயிற்று. படம் எடுத்து முடிந்த சில வாரங்களில், ஆகஸ்ட் 31-ஆம் தேதி, மறுநாள் பிறந்த நாள் என்ற நிலையில், விமான விபத்தில் அவர் மாண்டார்.

1970 ஜனவரி 20-இல் அமெரிக்கக் கொட்டகைகளில் படம் வெளியாயிற்று. பதின்மூன்றாவது சுற்றில் மார்சியானோ நாக்-அவுட் செய்து ஜயித்தார். அந்தக் கம்ப்யூட்டரை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று அலி கேலி செய்ததாகச் சொல்லுவார்கள். அலபாமா அந்நாளில் நிறபேதத்துக்குப் பேர்போன ராஜ்யம். பிற்பாடு ஐரோப்பாவில் காட்டப்பட்ட பிரதியிலோ, முகமெல்லாம் கிழிந்து ரத்தம் கொட்டத் தோற்றவர் மார்சியானோ. ஒரே யுத்தம், கடலுக்கு இப்பால் ஒரு ஜயம், அப்பால் ஒரு ஜயம். இந்த விருத்தாந்தத்தை நான் சபையில் சொன்னபோது எவரும் ஆச்சரியப்படவில்லை. டபரா கழுவியவருடைய மகன்தான் இப்போது கடை நடத்துகிறார். அவர் பாலை ஆற்றிக்கொண்டே, “எங்கப்பா அப்பவே கேட்டாரு” என்றார்.

அலியை நேரில் கண்ட ஒரே மனிதர் என்ற ஹோதாவில் எங்கள் சபையில் ஒரு பெரியவர் உண்டு. லாரி ஓட்டி ஓய்ந்தவர். அலி சென்னைக்கு வந்தது சரித்திரம்தான். 1980-ஆம் வருஷம், பொங்கல் கழிந்த கையோடு, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு அவர் காட்சிச் சண்டை போட்டார், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றார். எல்லிஸ் சாமானியர் அல்லர். அலியின் சொந்த ஊரான லூயிவில்லில் பிறந்து, அவரோடு பயிற்சிச் சண்டை போட்டு, அவர் இல்லாத வேளையில் 1968-இல் பட்டத்தின் ஒரு பாதிக்குச் சாம்பியனாகவும் இருந்து, 1971-இல் அவரிடமே பன்னிரண்டாவது சுற்றில் தோற்றவர். அப்படிப்பட்ட இருவரும் சென்னையில் சிரித்துக்கொண்டே ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தார்கள். எங்கள் பெரியவர் மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு போனபோது அதைப் பார்த்ததாகச் சொல்லுவார். தை மாதத்தில் எங்கள் பக்கத்து மாமரங்கள் பூவும் பிஞ்சுமாய் நிற்கும் என்பதைச் சுட்டிக்காட்ட அவரிடம் எவருக்கும் தைரியம் இல்லை. பெங்களூரா மாங்காய் லாரியேறுவதற்கு அதன் பிறகு இரண்டு மூன்று மாதமாவது ஆக வேண்டும். சில வாரங்களுக்குள், பிப்ரவரி 17-இல், எம்.ஜி.ஆர். மந்திரிசபையே டெல்லியால் கலைக்கப்பட்டது. அலிக்குப் பக்கத்தில் நின்ற திருஷ்டிதான் அது என்பது பெரியவருடைய அரசியல் விமர்சனம்.

முஷ்டியுத்தத்துக்குச் சென்னையில் சொந்த வேர் உண்டு என்பதையும், சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்துக்கொண்டு வடசென்னையில் தலைமுறைகளாகச் சண்டை நடந்ததையும், 2021-இல் பா. இரஞ்சித் எடுத்த ‘சார்பட்டா பரம்பரை’க்குப் பிறகுதான் எங்கள் வாலிபர்கள் அறிந்துகொண்டார்கள். அறிந்ததோடு நில்லாமல், அந்தப் படத்தில் வருகிற டான்ஸிங் ரோஸையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இருந்தவனும் இறந்தவனும் மோதலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, இல்லாதவன் ஏன் மோதக் கூடாது என்று கேட்டால் நடுவனிடம் பதில் இல்லை. போன மாதம் ரோஸ் ஒருவர் மட்டும் ஃப்யூரி, ஹோம்ஸ் இருவரையும் முடித்துவிட்டார்.

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு சங்கடம் தோன்றுவதுண்டு. வெவ்வேறு காலத்து மல்லர்கள் மெய்யாகவே மோதிக்கொண்ட சந்தர்ப்பங்கள் இல்லாமல் இல்லை. அவற்றில் ஒன்றுகூட டீ குடித்துக்கொண்டே பார்க்கத் தகுந்ததாக எனக்குப் படவில்லை. கம்ப்யூட்டருக்குள் அலியை வென்ற அதே ஜெஃப்ரீஸ், ஓய்வு பெற்று, பண்ணையில் பயிர் செய்துகொண்டு, பெருத்துப்போயிருந்தவர். கறுப்பர் ஒருவர் சாம்பியனாக இருப்பதைச் சகிக்காத வெள்ளையர்கள் நச்சரித்து அழைத்து வர, 1910 ஜூலை 4-இல் ரீனோ நகரத்தில் ஜாக் ஜான்ஸனிடம் பதினைந்தாவது சுற்று வரை அடிபட்டு விழுந்தார். ஜோ லூயி பன்னிரண்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகப் பட்டத்தை வைத்திருந்து, 25 தடவை அதைக் காப்பாற்றியவர். வருமான வரி பாக்கிக்காகத் திரும்பி வந்தார். 1951 அக்டோபர் 26-இல், 37 வயதில், இளையவரான மார்சியானோ அவரை எட்டாவது சுற்றில் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். தள்ளியவரும் அன்றிரவு அழுதார் என்பார்கள். சென்னையில் சிரித்துவிட்டுப் போன அலி, அதே 1980-இல் அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் வேகாஸில், முன்னொரு காலத்தில் தம்மிடம் பயிற்சிச் சண்டை போட்டுச் சம்பளம் வாங்கிய லாரி ஹோம்ஸிடம், பத்துச் சுற்று நின்றபடியே அடி வாங்கினார். அப்போது அலிக்கு வயது 38. 1988 ஜனவரியில், அலி மேடைக்கு வந்து கையசைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஹோம்ஸை டைசன் நாலாவது சுற்றில் சாய்த்தார். அப்போது ஹோம்ஸுக்கு வயது 38.

ஆகையால், என் தீர்ப்பு என்ன என்று வற்புறுத்திக் கேட்டால், 1966 நவம்பர் 14-ஆம் தேதியின் அலி, 15 சுற்றில், எவரையும் புள்ளிக்கணக்கில் ஜயிப்பார் என்றும், அதே அலியைச் சிறிய மேடையில், மூலையில் ஒரு தடவை மடக்கிப் பிடித்தால் 1938-ஆம் வருஷத்து ஜோ லூயி அவரை வீழ்த்துவார் என்றும் இரண்டு விதமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். பட்டிமன்ற நடுவனுக்கு இந்த உரிமை உண்டு.

ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் ஃபோர்மேன் கட்சி என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1974-இல் கின்ஷாசாவில் உடுத்திய அதே சிவப்பு அரைக்கால்சட்டையை, இருபது வருஷம் கழித்து 1994 நவம்பர் 5-இல் மறுபடியும் உடுத்திக்கொண்டு, 45 வயதில், 26 வயது மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் ஒரே வலக்கையால் படுக்க வைத்த மனிதரைக் கொண்டாடாமல் வேறு யாரைக் கொண்டாடுவது? அதுவரைக்கும் மூன்று நடுவர்களின் தாளிலும் மூரர்தான் முன்னால் இருந்தார் என்று ஒரு பையன் குறுக்கிட்டான். பென்ஷன் வாங்குகிறவர்கள் அனைவரும் அவனை ஒருமிக்கப் பார்த்தோம். அவன் கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அன்றைக்குத்தான் ஒரு நல்ல யோசனை எனக்கு உதித்தது. ஃபோர்மேனும் டைசனும் ஒரே காலத்தில் மேடையேறியவர்கள், அவர்களை மோதவிட வேண்டும் என்ற பேச்சும் அடிபட்டது, ஆனால் மோதவில்லை. அதற்கு மிகவும் சமீபமாக வந்தது 1990 ஜூன் 16-ஆம் தேதி. அன்றிரவு லாஸ் வேகாஸில், சீஸர்ஸ் பேலஸில், ஒரே மேடையில், ஃபோர்மேன் அடில்ஸன் ரோட்ரிகஸ் என்பவரை இரண்டாவது சுற்றிலும், டைசன் ஹென்றி டில்மன் என்பவரை முதல் சுற்றிலும் முடித்துவிட்டு, அவரவர் பணத்தை வாங்கிக்கொண்டு அவரவர் வழியே போய்விட்டார்கள். அந்த இரண்டு எதிராளிகளையும் நீக்கிவிட்டு இவர்கள் இருவரையும் நேருக்கு நேராக நிறுத்தினால், வருஷத் தகராறு இல்லை, மேடைத் தகராறு இல்லை, சட்டத் தகராறு இல்லை. ஒரே ஊர், ஒரே தேதி, ஒரே கயிறு. இனி நியாயமாக விவாதிக்கலாம் என்று சபைக்கு விண்ணப்பித்துக்கொண்டேன். எல்லாரும் தலையசைத்தார்கள். டூல் ரூம் தம்பி மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, யோசனையோடு கேட்டார்.

“ஒரே தேதின்னா சரி சார். எந்த ஷிப்ட்?”